போர் தொடுத்த நாடும் களம் காணும் வீரரும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவையொட்டி ஆய்க்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் பாடிய வள்ளல் ஆய் அண்டிரனின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் இது. இவ்வூரில் உங்கள் முன் நின்று பேசும் வாய்ப்பைத் தந்த அறக்கட்டளையினருக்கு என் நன்றி. அகிம்சையைப் பற்றிப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்தனர். வழிவழியாக அதை நோன்பாகவே கொண்டு வாழும் குடும்பங்களுக்கு அகிம்சையின் பெருமையை நான் எடுத்துரைப்பது, கடலுக்கு உப்பைக் கொண்டு சென்று கொடுப்பது போலாகும். ஆகவே, அகிம்சையை முழு மனத்தோடு ஏற்றவர்களிடையேயும் கருத்து வேறுபடும் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். போர் தொடுத்த ஒரு நாட்டின் விளையாட்டு வீரர்களைப் பன்னாட்டுப் போட்டிகளில் சேர்த்துக்கொள்ளலாமா, விலக்கி வைக்க வேண்டுமா?

விளையாட்டுச் செய்திக்கும் இவ்விழாவுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். ஆதிநாதரின் மக்களாகிய பரத சக்கரவர்த்தியும் பாகுபலியும் படைகளோடு எதிரெதிர் நின்ற வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். உடன்பிறந்தார் இருவருக்கிடையே எழுந்த பகைக்காக எண்ணற்ற வீரர்கள் ஏன் மடிய வேண்டும் என்று இரு பக்கத்து அமைச்சர்களும் கூடிச் சிந்தித்தார்கள். போரை நிறுத்தி, விழிப்போர், நீர்ப்போர், மற்போர் என மூன்று போட்டிகளை வகுத்தார்கள். மூன்றிலும் பாகுபலியே வென்றார். தோல்வியைத் தாங்காத பரதர் சக்கரத்தை ஏவினார். அது பாகுபலியை ஒன்றும் செய்யவில்லை. வென்றவரோ வென்ற மண்ணைத் துறந்து தவத்தை மேற்கொண்டார். கொலைக்கு மாற்றாகப் போட்டியை வைக்கலாம் என்று அந்த அமைச்சர்கள் கண்ட வழிதான் இன்று விளையாட்டரங்குகளாக உலகெங்கும் விரிந்து கிடக்கிறது. அந்த வழியை யாருக்கு அடைக்கலாம், எப்போது அடைக்கலாம் என்பதே நம் முன்னுள்ள வினா.

மாமல்லபுரத்தில் கண்டது

2022 பிப்ரவரி 24ஆம் நாள் ரஷ்யப் படைகள் உக்ரைன் மீது முழு அளவில் போர் தொடுத்தன. நான்கு நாள் கழித்து, ரஷ்ய, பெலாரஸ் நாட்டு வீரர்களைப் போட்டிகளில் சேர்க்க வேண்டாம் என்று பன்னாட்டு ஒலிம்பிக் குழு விளையாட்டு அமைப்புகளுக்குப் பரிந்துரைத்தது. கால்பந்திலும் தடகளத்திலும் தடை வந்தது. அவ்வாண்டு விம்பிள்டன் டென்னிஸ் போட்டியிலும் அவ்விரு நாட்டவருக்கு இடமில்லை.

இந்தச் செய்தி நமக்குத் தொலைவில் நிகழ்ந்ததன்று. 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாஸ்கோவில் நடப்பதாக இருந்தது. போர் மூண்டதும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பாகிய ஃபிடே அதை அங்கிருந்து எடுத்துச் சென்னைக்கு அளித்தது. ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தொடக்க விழா நடந்தது. மறுநாள் முதல் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஆட்டங்கள் நடந்தன. வேட்டி சட்டை அணிந்த ‘தம்பி’ என்னும் குதிரைச் சின்னம் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னும் நினைவிருக்கும்.

அந்தப் போட்டிக்கு ரஷ்ய அணியும் பெலாரஸ் அணியும் வர இயலவில்லை. பாகிஸ்தான் அணியோ வந்து இறங்கியும் ஆடாமல் திரும்பியது. ஒலிம்பியாட் சுடர் காஷ்மீர் வழியாகக் கொண்டுசெல்லப்பட்டதைக் காரணம் காட்டி அந்நாட்டு அரசே தன் வீரர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டது. மகளிர் பிரிவில், குண்டு விழும் நாட்டிலிருந்து வந்த உக்ரைன் பெண்கள் தங்கப் பதக்கம் வென்றார்கள். அதைக் கண்டு மகிழாத தமிழர் இருந்திருக்க மாட்டார்.

ஆனால் அதே நாட்களில், அதே சென்னையில், இன்னொன்றும் நிகழ்ந்தது. ஆகஸ்ட் 7 அன்று ஃபிடேயின் தலைவர் தேர்தல் நடந்தது. ரஷ்யாவின் துணைப் பிரதமராக முன்பு பதவி வகித்த அர்க்காதி துவோர்கோவிச் 157 வாக்குகள் பெற்று மீண்டும் தலைவரானார். எதிர்த்து நின்ற உக்ரைன் நாட்டுக் கிராண்ட்மாஸ்டருக்குக் கிடைத்தவை 16 வாக்குகள். நம் விசுவநாதன் ஆனந்த் துணைத் தலைவரானார். துவோர்கோவிச்சைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் தகுதியைப் பற்றியும் நான் பேசவில்லை. ஆடும் இளைஞருக்கு ஓர் அளவுகோல், அமைப்பை நடத்துபவருக்கு வேறோர் அளவுகோல் இருந்ததை மட்டும் காட்டுகிறேன்.

அந்த ஆண்டில் ரஷ்யச் சதுரங்க வீரர் இருவர் நடந்துகொண்ட முறையையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒருவர் செர்கேய் கார்யாகின். 2016இல் உலகப் பட்டத்துக்காகக் கார்ல்சனோடு மோதியவர். அவர் போரை வெளிப்படையாகப் புகழ்ந்து எழுதினார். ஃபிடேயின் ஒழுங்கு ஆணையம் அவருக்கு ஆறு மாதத் தடை விதித்தது. மற்றவர் இயான் நெபோம்னியாச்சி. போரை நிறுத்துங்கள் என்று தம் நாட்டு அதிபருக்கு வெளிப்படையாக மடல் எழுதிய 44 ரஷ்யச் சதுரங்க வீரர்களுள் அவரும் ஒருவர். அவர் தம் நாட்டுக் கொடியின்றி ஃபிடேயின் கொடியின் கீழ் ஆடி, அவ்வாண்டு மாட்ரிட்டில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியை வென்றார். ஒரே நாட்டுக் கடவுச்சீட்டை வைத்திருந்த இருவர். இருவரின் வினையும் ஒன்றா?

நம் வீட்டு முற்றத்தில்

வெளிநாட்டார் செய்தது சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்வது எளிது. நாம் செய்ததையும் அதே தராசில் வைக்க வேண்டும் அல்லவா?

2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தது. இறுதிக் கட்டத்தில் பொதுமக்கள் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் சபைத் தலைமைச் செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் கூறியது. முள்ளிவாய்க்கால் என்னும் பெயரைக் கேட்டவுடன் இன்றும் நெஞ்சு நடுங்காத தமிழர் இலர். 2013 மார்ச்சில் சென்னை லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாநோன்பு தமிழகமெங்கும் கல்லூரிகளில் பரவியதை நீங்கள் அறிவீர்கள். அந்தத் துயரும் அந்தச் சினமும் நியாயமானவை. அவற்றைக் குறைத்து ஒரு சொல்லும் நான் சொல்ல மாட்டேன்.

அந்தச் சினத்தின் விளைவாக மூன்று நிகழ்ச்சிகள் நடந்தன.

முதலாவது, 2012 செப்டம்பர் தொடக்கத்தில் நடந்தது. கொழும்பு ராயல் கல்லூரியின் கால்பந்து அணி சென்னை நேரு விளையாட்டரங்கில் நட்புமுறை ஆட்டம் ஒன்றை ஆடியது. கல்லூரி என்று பெயரிருந்தாலும் அது ஒரு பள்ளி. தமிழர் உணர்வு புண்படுவதாகக் கூறி, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அவர்களைத் திருப்பி அனுப்ப ஆணையிட்டார். ஆட்டத்துக்கு இடம் தந்த அலுவலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்.

இரண்டாவது, 2013 பிப்ரவரியில் நடந்தது. அவ்வாண்டு ஜூலையில் ஆசியத் தடகளப் போட்டி சென்னையில் நடப்பதாக இருந்தது. இலங்கை வீரர்கள் பங்கேற்பதாயின் போட்டியை இங்கே நடத்த இயலாது என்று தமிழக அரசு அறிவித்தது. போட்டி புனே நகருக்குச் சென்றது.

மூன்றாவது, 2013 மார்ச் 26 அன்று நடந்தது. ஐ.பி.எல். கிரிக்கெட்டில் எந்த அணியிலும் இருக்கும் இலங்கை வீரர் எவரும் சென்னையில் ஆடக்கூடாது என்று அரசு கேட்டது, ஐ.பி.எல். ஆட்சிக் குழு அன்றே அதற்கு இணங்கியது.

இந்த மூன்றையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம். நான் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறேன். தடகளப் போட்டியில் வீரர்கள் நாட்டின் கொடியோடு வருவார்கள். வென்றால் அந்நாட்டுப் பண் நம் அரங்கில் ஒலிக்கும். அந்தக் கொடியை இந்த மண்ணில் இப்போது ஏற்ற மனம் ஒப்பவில்லை என்று ஓர் அரசு சொல்வதில் பொருள் உண்டு. வீரர்களின் ஓட்டமும் அதனால் நின்றுபோகவில்லை. போட்டி வேறிடத்தில் நடந்தது.

ஐ.பி.எல். அவ்வாறானதன்று. அங்கே நாட்டுக் கொடி இல்லை. ஊர்ப் பெயர் கொண்ட அணிகளே உள்ளன. அந்தத் தடை யார் யாரைத் தடுத்தது என்று பாருங்கள்.

முத்தையா முரளிதரன்: கண்டியில் மலையகத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 2008 முதல் 2010 வரை சென்னை அணிக்காகவே சேப்பாக்கத்தில் பந்து வீசியவர். 2013இல் பெங்களூர் அணியில் இருந்தார். அவர் அரசியல் பற்றிச் சொன்ன சில கருத்துகளால் தமிழரிடையே அவர்மீது வருத்தம் உண்டு. ஆனால் அந்தத் தடை அவர் சொல்லை ஆராயவில்லை. கடவுச்சீட்டை மட்டுமே பார்த்தது. இலங்கைத் தமிழருக்காக எழுந்த தடை இலங்கைத் தமிழர் ஒருவரையும் வெளியே நிறுத்தியது.

குமார் சங்கக்கார: ஐதராபாத் அணியின் தலைவர். 1983 இனக் கலவரத்தின்போது அவருடைய பெற்றோர் தமிழ் நண்பர்கள் 35 பேரைக் கண்டியில் தம் வீட்டில் மறைத்து வைத்துக் காத்தார்கள். அதை 2011இல் லண்டன் லார்ட்ஸ் அரங்கில் உலகமறிய உரைத்தவர். தம்மைச் சிங்களவராகவும் தமிழராகவும் இசுலாமியராகவும் பறங்கியராகவும் கருதுவதாக அங்கே சொன்னவர். அவரும் சென்னையில் களமிறங்க இயலவில்லை.

அஜந்த மெண்டிஸ்: புனே அணியில் இருந்தவர். இலங்கைத் தரைப்படையில் சேர்ந்து அங்கே பதவி உயர்வும் பெற்றவர். இவரைப் பற்றி எவரேனும் கேள்வி எழுப்பியிருந்தால் அது ஆராயத்தக்க கேள்வி.

உயிர் காத்த வீட்டின் பிள்ளையும், தமிழ்க் குடியில் பிறந்தவரும், படையில் பணி செய்தவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். வேறுபாடு அறியாத தண்டனை நீதியாகுமா?

இனி அந்தப் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் போர் முடிந்தபோது பந்தை உதைத்துத் திரிந்த சிறுவர்கள். எந்தப் படையணியை அவர்கள் நடத்தினார்கள்? எந்த ஆணையில் கையொப்பமிட்டார்கள்? பிழைக்கு ஒரு சிறிதும் தொடர்பில்லாத பிள்ளைகளை, விருந்தினராக வந்த இடத்தில், பாதி வழியில் திருப்பி அனுப்பியது தமிழ் மரபுக்குப் பொருந்தாது என்பதே என் துணிபு.

கோவூர் கிழார் காட்டிய வழி

தமிழ் மரபு என்று சொன்னேன். அதற்குச் சான்று புறநானூற்றில் இருக்கிறது. சோழர் குடியில் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகை மூண்ட காலம். நலங்கிள்ளியிடமிருந்து இளந்தத்தன் என்னும் புலவர் உறையூருக்குள் வந்தார். பகைவன் இடத்திலிருந்து வந்தவர் ஆகையால் ஒற்றர் என்று ஐயுற்று நெடுங்கிள்ளி அவரைக் கொல்லத் துணிந்தான். கோவூர் கிழார் குறுக்கே சென்று நின்றார். புலவர் வாழ்க்கை பிறர்க்குத் தீங்கு எண்ணாத வாழ்க்கை. கல்வியில் எதிர்ப்போரை நாணச் செய்வதன்றி அவர்கள் வேறு தீமை செய்வதில்லை என்று எடுத்துரைத்தார். புலவர் உயிர் தப்பினார். பகைவன் ஊரிலிருந்து வந்தமையே குற்றமாகிவிடாது என்பதும், போட்டியில் ஒருவரை வெல்வது போரில் கொல்வதாகாது என்பதும் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே நம் மொழியில் வழக்காடி வென்ற கருத்துகள்.

அதே புலவர் இன்னொரு முறையும் குறுக்கிட்டார். மலையமானோடு பகை கொண்ட கிள்ளிவளவன், அவனுடைய சிறு பிள்ளைகளை யானைக் காலில் இட முற்பட்டான். யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து நின்றனவாம் அக்குழந்தைகள். அந்தக் காட்சியை மன்னனுக்குச் சுட்டிக்காட்டிக் கோவூர் கிழார் அவர்களை மீட்டார். தந்தை செய்த பகைக்குப் பிள்ளை பொறுப்பில்லை என்பதற்கு இதைவிட வலிய சான்று எனக்குத் தெரியாது. இந்த இரண்டு பாட்டையும் வகுப்பில் நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் மன்னர்கள்மீது சினம் கொள்வார்கள். நம் காலத்துக்கு வரும்போதும் அந்தச் சினம் அதே பக்கம் நிற்க வேண்டும்.

மூவகை வினை

சரி, அப்படியானால் எல்லாரையும் எவ்விதக் கேள்வியுமின்றி விட்டுவிடலாமா? அதுவும் ஆகாது. இங்கேதான் உங்கள் அறநூல்கள் வகுத்த ஓர் அளவுகோல் பெரிதும் பயன்படுகிறது.

வினை மூவகையாக ஒருவனைச் சேரும் என்று சமண அறம் கூறும்: தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வாரை உடன்படுதல். இம்மூன்றும் மனம், மொழி, மெய் ஆகிய மூன்றாலும் நிகழும். இம்மூன்றிலும் சேராத வினை ஒருவனைப் பற்றாது. அண்டை வீட்டான் செய்த தீமை என் கணக்கில் ஏறாது. என் அரசன் செய்த தீமையும், நான் செய்யாமலும் செய்விக்காமலும் உடன்படாமலும் இருந்தால், என் கணக்கில் ஏறாது.

இந்த அளவுகோலை விளையாட்டு வீரரிடம் வைத்துப் பாருங்கள். படையில் சேர்ந்து பணியாற்றும் வீரர் செய்தல் என்னும் பகுதியில் வருகிறார். போருக்கு ஆள் சேர்க்கும் மேடையில் தம் புகழைக் கருவியாகத் தருபவர் செய்வித்தல் என்னும் பகுதியில் வருகிறார். கார்யாகினைப் போலப் புகழ்ந்து எழுதுபவர் உடன்படுதலில் வருகிறார். இம்மூவரையும் நிறுத்திக் கேள்வி கேட்பது அறமே.

வியப்பு என்னவென்றால், பன்னாட்டு ஒலிம்பிக் குழுவும் ஓராண்டு அலைந்து ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. 2023 மார்ச்சில் அது தன் பரிந்துரையை மாற்றியது. அணிகள் வேண்டாம்; தனி வீரர்கள் நாட்டுப் பெயரும் கொடியும் பண்ணும் இன்றி நடுநிலை வீரர்களாக வரலாம். போரை ஆதரித்துச் செயல்படுவோரும், படையோடோ பாதுகாப்பு அமைப்புகளோடோ ஒப்பந்தத்தில் உள்ளோரும் வரலாகாது. இந்த முறைப்படி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ரஷ்யாவிலிருந்து 15 பேரும் பெலாரஸிலிருந்து 17 பேரும் ஆடினார்கள்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நெபோம்னியாச்சியைப் போல வாய் திறந்து போரைக் கண்டித்தால்தான் அனுமதி என்று நாம் கேட்கக்கூடாது. சில நாடுகளில் அப்படிப் பேசுவோர் சிறைக்குச் செல்கிறார்கள்; அவர்களுடைய பெற்றோரும் உடன்பிறந்தாரும் அங்கேதான் வாழ்கிறார்கள். மௌனத்தை உடன்பாடு என்று முடிவு கட்டுவது அஞ்சி வாழ்பவர்மீது மேலும் ஒரு சுமையை ஏற்றுவதாகும். புகழ்ந்தவரை விலக்குவோம், வாய் மூடி இருப்பவரை ஆட விடுவோம்.

எதிர்த்துச் சொல்லப்படுபவை

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படும் வாதங்களை நான் அறியாமல் இல்லை. அவற்றில் மூன்று வலிமையானவை.

முதல் வாதம்: ‘கொடுங்கோல் அரசுகள் விளையாட்டு வெற்றியைத் தம் புகழுக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன, 1936 பெர்லின் ஒலிம்பிக்கை இட்லர் பயன்படுத்திக்கொள்ளவில்லையா?’ உண்மைதான். அதனால்தான் கொடியையும் பண்ணையும் அணியையும் விலக்க வேண்டும் என்கிறேன். போட்டியை நடத்தும் பெருமையையும் அந்நாட்டுக்குத் தரக்கூடாது. ஒலிம்பியாட்டை மாஸ்கோவிலிருந்து எடுத்தது சரியே. அணிப் போட்டியில் நாட்டின் பெயரைப் பிரித்தெடுக்க முடியாது என்பதால், ரஷ்ய அணி மாமல்லபுரத்துக்கு வராததையும் நான் குறை சொல்லவில்லை.

இரண்டாம் வாதம்: ‘தென்னாப்பிரிக்காவை உலகம் ஒட்டுமொத்தமாக விலக்கவில்லையா? அது பலன் தரவில்லையா?’ 1964 முதல் 1992 வரை ஒலிம்பிக்கில் அந்நாட்டுக்கு இடமில்லை. 1974இல் டேவிஸ் கோப்பை இறுதிக்குச் சென்ற இந்தியா, எதிரணி தென்னாப்பிரிக்கா என்றதும் ஆடாமல் கோப்பையை விட்டுக்கொடுத்தது. நம் சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் தம் இளமையின் பெரும் வாய்ப்பை அன்று இழந்தார்கள். அந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே அநீதி விளையாட்டுக்கு உள்ளேயே இருந்தது. நிறத்தைப் பார்த்து அணி அமைத்தார்கள். கறுப்பினத்தவருக்கு அதில் இடமே இல்லை. புறக்கணிக்கும்படி கேட்டவர்களும் அந்நாட்டுக் கறுப்பின மக்களின் தலைவர்களே. ஆட்டமே அநீதியின் பகுதியாக இருக்கும்போது அந்த ஆட்டத்தை மறுப்பதும், அரசின் அநீதிக்காக ஆட்டக்காரரை மறுப்பதும் ஒன்றல்ல.

மூன்றாம் வாதம்தான் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது. ‘வீடிழந்து, உறவிழந்து வந்தவளை, குண்டு வீசிய நாட்டுக்காரியோடு கை குலுக்கு என்று கட்டாயப்படுத்துவது இரக்கமா?’ 2023 ஜூலையில் மிலான் நகரில் நடந்த வாள்வீச்சு உலகப் போட்டியில் இது கண்முன் நடந்தது. உக்ரைனின் ஓல்கா கர்லான், நடுநிலை வீராங்கனையாக வந்த ரஷ்யப் பெண்ணை வென்றார். கை கொடுக்க மறுத்து, தம் வாளை மட்டும் நீட்டினார். விதிப்படி அவர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் ஒலிம்பிக் குழுவே தலையிட்டு, அவருக்குப் பாரிஸ் போட்டியில் இடம் உறுதி என்று அறிவித்தது. அங்கே அவர் பதக்கமும் வென்றார்.

மன்னிப்பு என்பது கேட்டுப் பெறுவது, பறித்துப் பெறுவதன்று. ஆண்டுதோறும் க்ஷமாவணி நாளில் கை குவித்துப் பொறுத்தருளக் கேட்கும் உங்களுக்கு இது நன்கு விளங்கும். கேட்பது நம் கடமை; தருவது அவர் உரிமை. ஆகவே நடுநிலை வீரரை ஆட விடுங்கள். ஆனால் துயருற்றவரைக் கை குலுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவர் முகம் திருப்பினால் அதற்காகத் தண்டிக்காதீர்கள். ஈழத்திலிருந்து வந்த ஒரு தாய் இலங்கைக் கொடியைக் கண்டு முகம் திருப்பினால் அதை நாம் எப்படிப் புரிந்துகொள்வோமோ, அப்படியே இதையும் புரிந்துகொள்ள வேண்டும்.

இம்மூன்றுக்கும் மேலாக, எல்லா நாட்டுக்கும் ஒரே கோல் வேண்டும். 2003இல் அமெரிக்கா ஈராக்கின்மீது படையெடுத்தது. மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர்கள் தம் கொடியோடு அணிவகுத்தார்கள், எவரும் தடுக்கவில்லை. வலிய நாட்டுக்கு ஒரு நீதியும் எளிய நாட்டுக்கு ஒரு நீதியும் இருக்கும்வரை, எந்தத் தடையையும் உலகம் அறமென்று ஏற்காது.

ஆய்க்குடியில் நின்று பார்க்கும்போது

இதை இந்த ஊரில் நின்று பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1975இல் பொறியியல் மாணவராக இருந்த இராமகிருஷ்ணன் என்னும் இளைஞர், கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தார். தமக்கு மருத்துவம் செய்த படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால், 1981இல் இதே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிகளுக்காக அந்நிறுவனம் ஆற்றும் பணியை நீங்கள் அறிவீர்கள். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் பிறருக்கு வழிகாட்டுவதை நாள்தோறும் பார்த்து வாழும் ஊர் இது.

சக்கர நாற்காலி விளையாட்டும் போரிலிருந்து பிறந்ததுதான். நாசி ஜெர்மனியிலிருந்து உயிர் தப்பி இங்கிலாந்துக்கு வந்த யூத மருத்துவர் லூத்விக் குட்மன், இரண்டாம் உலகப் போரில் முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் விளையாட்டையே மருந்தாகக் கொடுத்தார். 1948இல் 16 பேரை வைத்து அவர் நடத்திய வில்வித்தைப் போட்டிதான் இன்றைய பாராலிம்பிக்காக வளர்ந்தது.

அந்தப் பாராலிம்பிக்கிலும் 2022இல் இதே கேள்வி எழுந்தது. பெய்ஜிங் குளிர்காலப் போட்டி மார்ச் 4 அன்று தொடங்கவிருந்தது. ரஷ்ய, பெலாரஸ் வீரர்கள் நடுநிலையாளராக ஆடலாம் என்று மார்ச் 2 அன்று முடிவு சொன்னார்கள். அவர்கள் ஆடினால் நாங்கள் ஆடமாட்டோம் என்று பல நாடுகள் எழுந்தன. மார்ச் 3 அன்று முடிவு மாற்றப்பட்டது. போட்டி ஊருக்கு வந்து சேர்ந்திருந்த மாற்றுத்திறனாளிகள், தொடக்க நாளுக்கு முந்தைய நாள், திரும்பிப் போகச் சொல்லப்பட்டார்கள். குண்டுகள் விழத் தொடங்கி எட்டு நாளே ஆகியிருந்த நேரம்; உலகின் சினத்தை நான் குறை சொல்லவில்லை. ஆயினும், கால் இழந்து, பார்வை இழந்து, பல ஆண்டு முயன்று அங்கே வந்தவர்களுள், செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றில் எதிலும் சேராதவர் எத்தனை பேர்? அதைக் கேட்பதற்கு ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. சினம் முந்திக்கொள்ளும்போது நிகழ்வது இதுதான்.

நம் வீடுகளில்

நிறைவாக ஒன்று. இந்தத் தடைகளை விதிப்பதும் நீக்குவதும் நம் கையில் இல்லை. ஆனால் நம் வீட்டில், தொலைக்காட்சிக்கு முன்னும் கைப்பேசித் திரையிலும் நாம் பேசும் பேச்சு நம் கையில் இருக்கிறது.

1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் 12 ஓட்ட வேறுபாட்டில் இந்தியாவை வென்ற பாகிஸ்தான் அணிக்காகச் சென்னை மக்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். தம் அணி தோற்ற துயரத்தோடே அவர்கள் அதைச் செய்தார்கள். கிரிக்கெட் உலகம் இன்றும் அதைச் சொல்லிப் போற்றுகிறது. சில மாதங்களில் கார்கில் போர் வந்தது. அந்தப் போருக்காக, ஜனவரியில் தட்டிய கைகளைத் தவறு என்று எவரும் சொல்லவில்லை.

2024 பாரிஸில் ஈட்டி எறிதலில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் தங்கமும் நம் நீரஜ் சோப்ரா வெள்ளியும் வென்றபோது, நீரஜின் தாயார் அர்ஷதும் தம் பிள்ளைதான் என்றார். நாடே நெகிழ்ந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் பகல்காமில் கொடியவர்கள் அப்பாவிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முன்பே தம் போட்டி ஒன்றுக்கு அர்ஷதை அழைத்திருந்த நீரஜையும் அவர் குடும்பத்தையும் நம்மவர்களே சமூக ஊடகங்களில் வசை பாடினார்கள். ஓராண்டுக்கு முன் போற்றிய தாயைத் தூற்றினார்கள். சுட்டவன் செய்த வினையை, ஈட்டி எறிபவரின் கணக்கிலும், அவரை அழைத்தவரின் கணக்கிலும், அழைத்தவரைப் பெற்றவளின் கணக்கிலும் எழுதினார்கள்.

அந்த வசையை எழுதிய கைப்பேசிகள் தமிழ் வீடுகளிலும் இருந்திருக்கும். மொழியால் செய்யும் கொலை என்று உங்கள் அறநூல்கள் சொல்வதற்கு இக்காலத்தில் வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

ஆகவே மாணவச் செல்வங்களே, பகை நாட்டு வீரர் ஒருவரைத் திரையில் காணும்போது மூன்று கேள்விகளை உங்களுக்குள் கேளுங்கள். இவர் செய்தாரா? செய்வித்தாரா? உடன்பட்டாரா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்லச் சான்று இல்லையென்றால், அவர் ஓடட்டும், ஆடட்டும், நன்றாக ஆடினால் கை தட்டுங்கள். கொடியின்மீது சினம் இருந்தால் அதைக் கொடியின்மீதே வையுங்கள். உயிர்களிடத்தில் வைக்காதீர்கள்.

 என் சொல்லில் எவர் மனமேனும் புண்பட்டிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.